பத்திரிகையில் போட்ட ஊர்

இதில் யார் பேரையும் எழுதப்போவதில்லை. பேரையும் ஊரையும் எழுதிப் பட்டது போதும். என் மதினியை, அதாவது அண்ணன் மனைவியை, இந்த நாட்டை விட்டுப் போகவைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. அதை எழுதியவன் நான். அண்ணன் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அவனுக்குக் கடைசிவரை தெரியாது. இப்போது சொன்னால் யாருக்கும் எதுவும் ஆகாது என்பதால்தான் சொல்கிறேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூணாறிலிருந்து மறையூர் போகும் பாதையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. வீடு என்றால் லயத்தில், அதாவது எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் சாக்குத் தொங்கவிட்ட ஒரு நடை. அப்பா செடிக்கு மருந்தடிப்பார். அம்மா கொழுந்து எடுத்தாள். அண்ணன் ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தான். நான் மட்டும் பத்தாவது வரை படித்து, மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, சர்க்கார் பரீட்சை எழுதி வில்லேஜ் ஆபீசில் அசிஸ்டெண்ட் ஆனேன். லயத்தில் அது பெரிய சங்கதி. குழாயடியில் பெண்கள் என்னைப் பார்த்தால், “ஏய், ஆபீசர் வாறாக, குடத்தைத் தள்ளி வைங்க” என்பார்கள். கேலிதான். ஆனால் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இந்தக் கதையில் கெட்டது எல்லாம் அந்த இனிப்பில் தொடங்கியதுதான்.

மதினி வேறு யாருமில்லை, என் தாய்மாமன் மகள். அம்மாவின் பிறந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். மழை பொய்த்த ஒரு வருடம் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் வந்து அம்மாவின் அண்ணனைக் கப்பலேற்றினான். அடுத்த வருடம் இன்னொரு கங்காணி வந்து அம்மாவை மலையேற்றினான். மாமா இலங்கையில் டிக்கோயா பக்கம் ஒரு தோட்டத்திலும் அம்மா இங்கேயுமாக இரண்டு பேரும் ஒரே தேயிலையைக் கிள்ளினார்கள். பிறகு இரண்டு சர்க்காரும் உட்கார்ந்து பேசி, அங்கே இருக்கும் தமிழ் ஆட்கள் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ ஏதாவது ஒன்றுக்கு எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். அங்கே மாமாவின் பக்கத்துக் காம்பராக்காரர், அதாவது அடுத்த லய அறைக்காரர், இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். மாமா பிடிவாதக்காரர், நட்ட செடியை விட்டு வரமாட்டேன் என்று அந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கே எழுதி வாங்கிவிட்டார்.

எழுபத்திரண்டில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். அத்தையைப் பார்க்க என்று மதினி இலங்கைப் பாஸ்போர்ட்டில் மூன்று மாத விசா வாங்கிக்கொண்டு, இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்த ஒரு குடும்பத்தோடு கப்பலில் வந்தாள். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் முகாமில் விலாசம் கேட்டபோது பாட்டன் ஊரைச் சொன்னாளாம், அவளுக்கு எழுதத் தெரிந்த இந்திய விலாசம் அது ஒன்றுதான். அம்மா கட்டிலில் கிடந்தபடியே அவள் சமைப்பதைப் பார்த்தாள். கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். “எங்க அண்ணன் மக இருக்கையில வெளிய எதுக்குப் பொண்ணு பாக்கணும்?” என்றாள். இரண்டாம் மாதம் எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினான் அண்ணன். விசா என்று யாரோ எடுத்தபோது அவன் சிரித்தான்.

“தாலி கட்டியாச்சு. இனிமே எதுக்குவே பாஸ்போர்ட்டு?”

எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். கட்டிக்கொடுத்த பெண் கட்டிய ஊர்க்காரி. இதற்கு மேல் ஒரு சட்டம் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. பாஸ்போர்ட் ஒரு பழைய துணியில் சுற்றப்பட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் போய்விட்டது.

நான் ஆபீசில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. விசா முடிந்தும் தங்கியிருக்கும் அந்நிய நாட்டுக்காரி என்று மதினிக்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. நீட்டிப்புக் கேட்டு எழுதலாம். எழுதினால் இங்கே இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ஆகவே எழுதவில்லை. அதற்குப் பதில் மதினியை எந்தக் காகிதத்திலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். ரேஷன் கார்டில் அவள் இல்லை. ஆறு பேர் சீனியை ஏழு பேர் குடித்தோம். வோட்டர் லிஸ்டில் இல்லை. எஸ்டேட் பேரேட்டில் இல்லை. ஆள் குறைந்த நாளில் கூலிக்குக் கொழுந்து எடுக்கப் போவாள், அவ்வளவுதான். பெண் குழந்தை பிறந்தபோதுகூடப் பதிவில் தாயின் பேரை மட்டும் எழுதவைத்து, தாயின் ஊரை விட்டுவிட்டேன். ஆறு வருடம் இப்படிப் போனது. எனக்கே என் சாமர்த்தியத்தில் ஒரு பெருமை.

மதினிக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அடுப்படியில் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். “அதுல டிக்கோயாவுல மழைன்னு சொன்னா இவ இங்க கொடித்துணியை எடுக்க ஓடுவா” என்று அண்ணன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். சத்தமாகச் சிரிப்பாள், மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருடம் என் தங்கைக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை காந்தலூர். பூண்டும் உருளைக்கிழங்கும் போடும் குடும்பம், சொந்த நிலம். லயத்தில் பெண் எடுக்கிறோமே என்று அவர்களுக்குக் கொஞ்சம் குறை. வாயால் சொல்லவில்லை, பத்திரிகையில் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகை எங்களுக்கு முதலில் வந்துவிட்டது. அதில் பெரியப்பா மிராசுதார், சித்தப்பா உடுமலைப்பேட்டை மண்டி, அத்தை மகன் சிங்கப்பூர் என்று ஆளுக்கு ஒரு ஊரும் பட்டமுமாக வரிசை கீழே வரை இறங்கியிருந்தது. கொண்டுவந்த சம்பந்தி, “உங்க பக்கம் போடுறதுக்கு ஆள் கம்மியா இருந்தா எழுத்தைப் பெருசாப் போட்டுக்கங்க” என்றார். தமாஷாகத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எங்கள் பத்திரிகையை எழுதினேன். என் பேருக்குக் கீழே ‘வில்லேஜ் ஆபீஸ்’ என்று எழுதிக்கொண்டேன். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

“ஏலே, எங்க அண்ணன் பேரைப் போட்டியா?”

“போட்டுருக்கேன்மா. தாய்மாமன்னு தனி வரி.”

“ஊரு?”

நான் அடுத்த வரிக்குக் கோடு போட்டேன்.

“ஊரில்லாத தாய்மாமன் உண்டாலே? அநாதையா அவன்? சிங்கப்பூரு அவுகளுக்கு உண்டுன்னா சிலோனு நமக்கு உண்டு.”

அம்மா சொன்னதால் போட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அம்மாவுக்குக் காகிதத்தின் குணம் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருந்தால் விட்டிருப்பாள். ஆனால் அந்தச் சிங்கப்பூர் என் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆகவே தாய்மாமன் இன்னார், டிக்கோயா, இலங்கை என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க மாட்டார்கள். அவர் வரமுடியாவிட்டால் அவர் வீட்டு ஆள் ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். அதனால் அடுத்த வரியில், அவர் ஸ்தானத்தில் அவர் மகள் இன்னார் என்று மதினியின் பேரையும் எழுதினேன். ஆறு வருடம் ஊரோடு சேர்த்து எந்தக் காகிதத்திலும் ஏற்றாத பேர். உடுமலைப்பேட்டையில் ஒரு அச்சுக்கூடத்தில் கொடுத்து, ரோஸ் காகிதத்தில் அடித்து வாங்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதையே முந்நூறு பிரதி போட்டேன்.

நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி வீடு வீடாகக் கொடுத்தோம். ஆபீசுக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. எஸ்டேட்டில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் அந்தக் கடைச் சுவரில் ஒரு பத்திரிகையை ஒட்டிவிட்டால் போதும், நேரில் பார்க்க முடியாதவர்களுக்கெல்லாம் அழைப்பு வைத்ததாகக் கணக்கு. மைதாப் பசை தடவி நானே ஒட்டினேன். சற்று விலகி நின்று கோணல் இல்லையே என்று பார்த்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மெட்ராஸிலிருந்து அந்த அதிகாரி வந்தார். சென்டர் சர்க்காரில் வெளிநாட்டு ஆட்களைக் கவனிக்கிற ஆபீஸ். தமிழர்தான், ஐம்பது வயது இருக்கும், பஸ்ஸில் வாந்தியெடுத்து முகம் வெளுத்திருந்தார். எங்கள் வில்லேஜ் ஆபீசர் தொடுபுழைக்காரர், எனக்கு மேலதிகாரி. அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு தட்டச்சு லிஸ்டை எடுத்து வைத்தார். சிலோனிலிருந்து விசாவில் வந்து திரும்பிப் போகாதவர்கள் பட்டியல். ஆள் பேர், தகப்பன் பேர், சிலோனில் எந்தத் தோட்டம் எல்லாம் இருந்தது. இங்கே எங்கே இருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. பாட்டன் ஊர் விலாசங்களில் போய்ப் பார்த்து யாரையும் காணாமல், எஸ்டேட்களில் இருக்கலாம் என்று இங்கே ஏறி வந்திருந்தார்.

“உங்க ரிஜிஸ்டர்களைக் கொஞ்சம் பார்க்கணும். அப்புறம் லயம் லயமாப் போக உங்க ஆள் ஒருத்தர் கூட வந்தாப் போதும்.”

எங்கள் ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குத் தமிழ் வரும், தன் வழியில், பாதி மலையாளமாக.

“அது நடக்கில்ல சாரே. வெளிநாட்டுக் காரியம் சென்டரோட பணி. ஞங்ஙளுக்கு மேலேருந்து சர்க்குலர் உண்டு. கலெக்டர் லெட்டரில் இன்ன ஆள், இன்ன வீடுன்னு எழுதி வந்தா அந்த ஒரு ஆளோட காரியம் ஞான் செய்யும். வாயால சொன்னா ரிஜிஸ்டர் திறக்கான் பாடில்ல, கூடாது. வீடு காட்ட ஆளும் அனுப்பான் பாடில்ல.”

“வீடு தெரிஞ்சாத்தானே லெட்டர் வாங்க முடியும்? அது தெரியாமத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்.”

“அது சாரோட புத்திமுட்டு.” உங்கள் கஷ்டம் என்று அர்த்தம்.

அதிகாரி கோபப்படவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கேயும் அதே பதில். எமர்ஜென்சியில் வாய்மொழி உத்தரவுக்கு ஆளைப் பிடித்து வைத்த ஸ்டேஷன்காரர்கள் பிறகு கோர்ட்டில் நின்று பதில் சொன்ன காலம் அது. காகிதம் இல்லாமல் யாரையும் தொடமாட்டேன் என்று எஸ்.ஐ. சொல்லிவிட்டாராம். நான் அந்த நேரமெல்லாம் ஒரு வரி ரசீதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். லிஸ்டை அவர் மேஜைமேல் புரட்டியபோது மூன்றாவது தாளில் மாமாவின் பேரைப் பார்த்துவிட்டேன்.

அதிகாரி போனதும் எங்கள் ஆபீசர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“நின்றெ வீட்டில ஒரு சிலோன்காரி உண்டுன்னு ஆளுகள் பறயும். எனக்கு ஒண்ணும் அறியில்லா. கேட்டோ?”

அவர் கையைப் பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. அழவில்லை. “சரி சார்” என்றேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஸ்டேட் சர்க்கார் மதினிக்குச் சுவர் கட்டிக் கொடுத்திருந்தது, நான் அதைப் பற்றி ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு டீ குடிக்கப் போனேன். அதிகாரி அங்கே இருந்தார், நான்கு மணி உடுமலைப்பேட்டை பஸ்ஸுக்காக. டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அப்போதே திரும்பியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“வில்லேஜ் ஆபீஸ்னு போட்டிருக்கே, இது நீங்கதானா தம்பி? தங்கச்சி கல்யாணமா?”

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கல்யாண வீட்டுக்காரனிடம் யாராவது கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால், கேட்டவர் யாராக இருந்தாலும், அழைக்காமல் விட்டால் அது அவமரியாதை. எதிராளியானாலும் அழைத்துவிட்டுத்தான் மறுபேச்சு. அந்த வாரம் முழுவதும் நூறு பேரிடம் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் என் நாக்கிலேயே உட்கார்ந்திருந்தது.

“ஆமா சார். அவசியம் வரணும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. வாயால் அழைத்தால் கையில் பத்திரிகை கொடுக்க வேண்டும். சட்டைப்பையில் இருந்த ஒன்றை எடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். கை கீழே இறங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்குப் பட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். தவளையாவது கத்தத்தான் கத்தியது, நான் மஞ்சள் தடவிக் கொடுத்தேன். அவர் அதை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். பாதியில் ஓரிடத்தில் கண் நின்றது. பிறகு மடித்து லிஸ்டின் தாள்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

“வர்றேன் தம்பி” என்றார்.

வீட்டில் நான் பாதியைத்தான் சொன்னேன். சென்டர் ஆள் வந்ததும், எங்கள் ஆபீசரும் எஸ்.ஐ.யும் முடியாது என்று சொல்லி அனுப்பியதும். அண்ணன் எழுந்து நின்று தொடையைத் தட்டினான். “பாத்தியாட்டீ, ஒனக்கு இந்த ஊரு சர்க்காரே காவல்” என்று மதினியிடம் சொன்னான். மதினி சிரித்தாள். அன்று ரொட்டிக்கு இரண்டு தேங்காய் துருவினாள். நான் நன்றாகச் சாப்பிட்டேன். பயம் இருந்திருக்க வேண்டும், ஆனால் அது எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ இருப்பதுபோல் இருந்தது. அவளைக் கொஞ்ச நாள் சங்கரன்கோவிலுக்கு அனுப்பிவைக்கலாம், மாமன் ஸ்தானத்தில் வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே பத்து நாளும் போய்விட்டது. அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். யார் அவ்வளவு தூரம் வாந்தியெடுத்துக்கொண்டு வருவார்கள்?

வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, மாரியம்மன் கோவில் பந்தலில் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டதும் மைக்காரன் தன் பங்குக்கு, “சிலோன் தாய்மாமன் சார்பாக அவரு மகள் மேடைக்கு வரவும்” என்று மலை எதிரொலிக்கச் சொன்னான். காந்தலூர்க்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைத்தான் நான் ஆசைப்பட்டிருந்தேன். மதினி நீலப் பட்டுடுத்திக்கொண்டு, குழந்தையை இடுப்பிலிருந்து அம்மாவிடம் இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். தங்கைக்கு மாலை போட்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பந்தியில் அவள்தான் அப்பளம் போட்டாள். அதிகாரிக்குப் போட்டபோது, “இன்னொண்ணு வைக்கட்டுங்களா?” என்று கேட்டாள். அவர் வேண்டாம் என்று இலைமேல் கையை நீட்டினார்.

போகும்போது அவர் என்னிடம், “சாப்பாடு நல்லா இருந்தது. மனசுல வெச்சுக்காதீங்க தம்பி” என்றார். தாம்பூலப் பை கொடுத்து அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து, மழை பிடித்த பிறகு, கலெக்டர் ஆபீசிலிருந்து தபாலில் வந்தது. மதினியின் பேர், மாமாவின் பேர், எஸ்டேட், லயம், வீட்டு எண். எதையும் விடவில்லை. இருபத்தொரு நாளுக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும், நோட்டீஸை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். எங்கள் ஆபீசர் இரண்டு தடவை படித்தார்.

“ஆளில்லான்னு எழுதித் திருப்பட்டே?” என்று தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார். பிறகு அடியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். இன்ன தேதியில் இன்ன கோவிலில் அதிகாரி நேரில் கண்டு உறுதி செய்தது என்று இருந்தது. “கண்டுபோயல்லோ. பின்னே ஞான் எந்து எழுதும்? இது பேப்பர். பேப்பர் வந்தா ஞான் செய்யணும்.” சற்று நேரம் கழித்து, “யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார்.

“தெரியல சார்.”

நோட்டீஸ் கொடுக்கப் போக வேண்டிய வில்லேஜ்மேன் காய்ச்சலில் படுத்திருந்தான். எங்கள் ஆபீசர் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். நானே எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேறொருவன் கொண்டுபோய்க் கொடுப்பதைப் பார்க்க முடியாது என்று நினைத்தேனோ, ஆபீஸ் வேலை நிற்கக்கூடாது என்று நினைத்தேனோ. மதினி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நான் காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஏதோ வீட்டுச் சர்டிபிகேட் என்று நினைத்திருந்தாள். என்ன என்று நான் சொன்னேன். குரல் ஆபீஸ் குரலாகவே வந்தது.

அவள் அழவில்லை. நடையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

“இவளும் என்கூட வரலாம்ல கொழுந்தனாரே?”

குழந்தை இங்கே பிறந்தது. மதினியின் பாஸ்போர்ட்டில் அதன் பேர் இல்லை. அதற்கென்று காகிதம் வாங்க இருபத்தொரு நாள் போதாது. இதையும் நான்தான் சொன்னேன். இந்த மாதிரி விஷயமெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணன் எஸ்.ஐ.யிடம் ஓடினான். அவர் நல்ல மனிதர். “நான் ஆளை அனுப்பிப் பிடிச்சுக் கொண்டு போகமாட்டேன். அவங்களாப் போகட்டும், போயிட்டாங்கன்னு எழுதுறேன். அவ்வளவுதான் என்னால முடியும்” என்றாராம். அண்ணன் திரும்பி வந்து லயத்து முற்றத்தில் நின்று, காட்டிக் கொடுத்தவன் குடும்பம் விளங்காது என்று கத்தினான். கண் பக்கத்து வீட்டுக்காரர்மேல் இருந்தது. அவர்களும் சிலோனிலிருந்து வந்தவர்கள், இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து முறையான காகிதத்தோடு வந்தவர்கள். குழாயடியில் எப்போதோ ஒரு சண்டை, அந்தப் பகையில் சொல்லிவிட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். அந்தப் பெண் மாரியம்மன்மேல் ஆணையிட்டாள், கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் வீட்டிலிருந்து நாங்கள் தீப்பெட்டிகூட வாங்கியதில்லை, அவர்கள் வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போகும்வரை. அண்ணன் விளங்காது என்று சொன்ன குடும்பம் அவன் குடும்பமேதான்.

ஊருக்குப் போய் முறையாக விசா வாங்கிக்கொண்டு ஆறு மாதத்தில் வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டோம். எல்லோரும் அதை நம்புவதுபோல் நடந்துகொண்டோம். சொல்லிவிடுகிறேன், மதினி வரவில்லை. முதலில் விசா கிடைக்கவில்லை, பிறகு மாமாவுக்குப் பக்கவாதம், பிறகு அந்த நாட்டில் கலவரம், பிறகு கப்பலே நின்றுவிட்டது. குழந்தை என் அம்மாவிடம் வளர்ந்தது.

கிளம்பும் நாள் காலையில் அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான். ராமேஸ்வரம் வரை அவனும் போகிறான். மதினி குழந்தைக்குத் தலை சீவிப் பின்னிவிட்டாள், பிரித்து இன்னொரு தடவை பின்னினாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“கொழுந்தனாரே, தங்கச்சி கல்யாணப் பத்திரிகை ஒண்ணு இருந்தாக் குடுங்களேன்.”

எதற்கு என்று கேட்டேன். கேட்டதாக நினைவு.

“அப்பாவுக்குக் காட்டணும். தாய்மாமன்னு ஊரோட பேர் போட்டுருக்கீகல்ல. அச்சுல அவரு பேரு வந்ததே இல்ல. பாத்தா ரொம்பச் சந்தோசப்படுவாரு.”

வீட்டில் ஒன்றுகூட இல்லை. முந்நூறும் கொடுத்தாகிவிட்டது. “இந்தா வாறேன் மதினி” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தேன். சுவரில் இன்னும் இருந்தது. அதன்மேல் வேறு கல்யாணங்களின் ஓரம் ஏறியிருந்தது. நகத்தால் மெதுவாக நிமிண்டி எடுத்தேன், ஒரு மூலை மஞ்சளோடு சுவரிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் எதற்கு என்று கேட்டார், சும்மா என்றேன். அவசரத்தில் மடித்து, பஸ் ஜன்னல் வழியாக மதினியின் கையில் கொடுத்தேன். இந்தத் தடவையும் இரண்டு கையால்தான் கொடுத்தேன். அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, குழந்தையைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பஸ் வளைவில் திரும்பியதும் குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தது. நான் ஆபீசுக்கு அரைமணி தாமதமாகப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து மாமாவிடமிருந்து நீல நிற வெளிநாட்டுத் தபால் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, வாசி என்றாள். மகள் நலமாக வந்து சேர்ந்தாள், பிள்ளையை நினைத்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, இப்போது பரவாயில்லை என்று எழுதியிருந்தார். பத்திரிகை கிடைத்தது, என்னை மறக்காமல் ஊரும் பேருமாகப் போட்டதைப் பார்த்து அழுதுவிட்டேன், அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் காம்பராவில் மாட்டியிருக்கிறேன், லயத்து ஆட்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில், இதை எழுதின மருமகன் கைக்குத் தங்கக் காப்புப் போட வேண்டும், என் ஆசீர்வாதம் அவனுக்கு எப்போதும் உண்டு என்று இருந்தது.

அந்த வரியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அம்மா, “அம்புட்டுத்தானா?” என்று கேட்டாள். அதனால் அதையும் வாசித்தேன்.